இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு மோட்டார் கார்! ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கை

கோவை மாவட்டத்தில், சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். அந்த வட்டாரத்துச் சாலையில் ஒரு விசித்திர வண்டி வந்தது.

வண்டியில் மாடு இல்லை. குதிரை இல்லை. காலால் மிதிப்பதும் இல்லை. ஆனாலும் வண்டி ஓடியது! படபடவென்று சத்தம் போட்டது. பின்னால் புகை விட்டது. அதன் மேல் ஒரு வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருந்தார். அவர் வருவாய்த்துறை அதிகாரி.

அந்த வண்டியைப் பலர் பார்த்திருப்பார்கள். வாய் பிளந்திருப்பார்கள். துரை போனதும் தங்கள் வேலையைக் கவனிக்கப் போயிருப்பார்கள்.

ஒரே ஓர் இளைஞனால் மட்டும் அதை மறக்க முடியவில்லை. அந்த வண்டி எப்படி ஓடுகிறது? உள்ளே என்ன இருக்கிறது? இதே நினைவு. எப்படியாவது அந்த வண்டியை வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை அவனைப் பிடித்துக்கொண்டது.

அந்த இளைஞனின் பெயர் துரைசாமி. பிற்காலத்தில் ஜி.டி.நாயுடு என்று நாடு முழுவதும் அறிந்த விஞ்ஞானி அவர்தான். பட்டம் பெறாதவர். என்ஜினீயரிங் கல்லூரியில் மாணவராகக் கால் வைக்காதவர். ஆனால் என்ஜினீயரிங் கல்லூரி நடத்தியவர். சொந்தமாக மோட்டார் கார் கட்டியவர்.

பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை

1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி துரைசாமி பிறந்தான். தந்தை கோபால்சாமி நாயுடு ஒரு விவசாயி. தாயார் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். தாயில்லாப் பிள்ளை உறவினர் வீட்டில் வளர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் வேம்பாகக் கசந்தது. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிவிட்டான் என்று ஒரு கதை உண்டு. எத்தனையோ பையன்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியிருக்கிறார்கள். அதற்காக யாரும் அவர்களைப் புகழ்வதில்லை. துரைசாமியும் தோட்ட வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அத்தோடு அவன் கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. காரணம், அந்தப் படபட வண்டி.

ஓட்டலில் மூன்று ஆண்டு

வண்டி வேண்டும் என்றால் பணம் வேண்டும். துரைசாமி கோவைக்குப் போனான். ஓர் ஓட்டலில் சர்வர் வேலை கிடைத்தது. இலை போடுவது, சாதம் பரிமாறுவது, தண்ணீர் வைப்பது, மேசை துடைப்பது. இந்த வேலையை 3 ஆண்டுகள் செய்தான். காசு காசாகச் சேர்த்தான்.

பிறகு துரையிடமே போனான். 300 ரூபாய் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினான்!

300 ரூபாய் அன்று சாதாரணத் தொகை அல்ல. அதைச் சேர்க்க 3 ஆண்டு பாடுபட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதன் மதிப்பு விளங்கும். நிலம் வாங்கியிருக்கலாம். மாடு வாங்கியிருக்கலாம். புகை விடும் பழைய வண்டிக்கு இவ்வளவு பணமா என்று ஊரார் சிரித்திருந்தால் அதில் தவறு சொல்ல முடியாது.

வண்டி கைக்கு வந்தது. வேறு இளைஞனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? ஏறி உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்திருப்பான். துரைசாமி அதைப் பிரித்துப் போட்டான்!

வண்டிக்குள்ளே என்ன?

அது ‘ரட்ஜ்’ என்ற பெயர் கொண்ட வண்டி. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் செய்யப்பட்டது. அந்தக் கம்பெனி முதலில் சாதாரண சைக்கிள்தான் செய்து வந்தது. 1911-ம் ஆண்டில் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. வண்டியைப் பார்த்தால் ஒரு பெரிய சைக்கிள் போலவே இருக்கும். நடுவில் ஒற்றை சிலிண்டர் எஞ்சின். எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் பின் சக்கரத்துக்குப் போகும். தையல் மிஷினில் கால் சக்கரத்தையும் மேல் சக்கரத்தையும் ஒரு பட்டை இணைக்கிறது அல்லவா? அதைப் போல!

எஞ்சின் ஓடுவது எப்படி? பெட்ரோலைப் பொடித் துளிகளாக்கிக் காற்றோடு கலக்க ஒரு கருவி. அதன் பெயர் கார்புரேட்டர். கலந்த ஆவி சிலிண்டருக்குள் போகிறது. உள்ளே இருக்கும் பிஸ்டன் மேலே வந்து அதை நெருக்குகிறது. சரியான நேரத்தில் ஒரு மின்பொறி விழுகிறது. ஆவி வெடிக்கிறது. வெடித்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளல்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பொறி ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் எஞ்சின் திணறும். தூசி அடைத்துக்கொண்டாலும் ஓடாது.

இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். துரைசாமிக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. எந்தத் திருகு எங்கே இருந்தது என்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, மனத்தில் பதியவைத்துக்கொள்ள வேண்டும். பிரிப்பது சுலபம். யார் வேண்டுமானாலும் பிரித்துவிடலாம். திரும்பப் பூட்டியபிறகு ஒரு திருகும் மிஞ்சக் கூடாது. வண்டியும் ஓட வேண்டும். பரீட்சை அங்கேதான் இருக்கிறது.

துரைசாமி பூட்டினான். வண்டி ஓடியது. 3 ஆண்டுச் சம்பாத்தியத்தைப் பணயமாக வைத்து எழுதிய பரீட்சை அது. தேறிவிட்டான்.

பெரம்பலூர் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளில் இன்றும் இந்தப் பரீட்சை நடக்கிறது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்குக் கணக்கில்லை. அவற்றைப் பழுது பார்க்கும் கொட்டகைகளில், கையில் கிரீசும் சாக்குத் துணியுமாக நிற்கும் பையன்கள் தொழில் படிக்கும் முறையும் துரைசாமி படித்த முறையும் ஒன்றுதான். ஒரே வித்தியாசம், பட்டறைப் பையனுக்குப் பக்கத்தில் மேஸ்திரி இருக்கிறார். தப்பாகப் பூட்டினால் தலையில் ஒரு குட்டு விழும். துரைசாமிக்கு மேஸ்திரியும் அவனே!

ஒற்றை பஸ்

மெக்கானிக்காகத் தொழில் நடந்தது. நடுவில் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். பணம் வந்தது. பம்பாய்க்குப் போனார். வந்த பணம் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அப்போது கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். காப்பிக்கொட்டை பதனிடும் ஆலை, நூற்பாலை, பள்ளிக்கூடம் என்று கோவையில் பல காரியங்களைத் தொடங்கியவர் அவர். நாயுடுவின் கைத்திறனும் நாணயமும் அவருக்குப் பிடித்திருந்தன. அவருடைய உதவியால் நாயுடுவுக்கு ஒரு பஸ் கிடைத்தது.

1920-ம் ஆண்டு. நாயுடுவுக்கு வயது 27. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓடத் தொடங்கியது. முதலாளி அவர்தான். டிரைவரும் அவர்தான். பழுது வந்தால் மெக்கானிக்கும் அவரே!

அந்தக் காலத்து பஸ் எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சாவியைத் திருகினால் எஞ்சின் கிளம்பாது. வண்டியின் முன்பக்கம் ஒரு கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். சாலை மண் சாலை. டயர் அடிக்கடி வெடிக்கும். எஞ்சின் கொதிக்கும். காட்டு வழியில் நின்றுவிட்டால் விடிய விடிய நிற்க வேண்டியதுதான். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அப்போது ரெயிலும் இல்லை. பழனிக்குப் போகும் பக்தர்கள் கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் போய்க் கொண்டிருந்தார்கள்.

அந்த வழியில், நின்ற வண்டியைத் தானே பிரித்து, தானே பூட்டி, மறுபடியும் ஓட்டிச் செல்லும் டிரைவர் கிடைத்தால் ஜனங்கள் விடுவார்களா? ரெயில் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். பெரம்பலூருக்கு இன்றும் ரெயில் கிடையாது. அரியலூருக்கு ரெயில் உண்டு. பெரம்பலூர்க்காரர் எங்கே போக வேண்டுமானாலும் பஸ் நிலையத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

ஒரு பஸ் இரண்டாயிற்று. இரண்டு பத்தாயிற்று. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பஸ்கள்! கம்பெனியின் பெயர் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். சுருக்கமாக யு.எம்.எஸ். என்பார்கள். ஓட்டலில் தண்ணீர் வைத்த துரைசாமி பெரிய பஸ் முதலாளி ஆகிவிட்டார்.

முதலாளியான பிறகும் திருகுளியைக் கீழே வைக்கவில்லை. பஸ் தொழிலில் எங்கே இடைஞ்சல் இருக்கிறதோ அங்கே ஒரு கருவி செய்தார். கண்டக்டர் கையில் டிக்கெட் அச்சடிக்க ஓர் இயந்திரம். எஞ்சின் அதிர்வதைச் சோதித்துப் பார்க்க ஓர் இயந்திரம். பஸ் வரும் நேரத்தைப் பயணிகளுக்குக் காட்ட ஒரு கடிகாரம். ஓட்டை விழுந்த இடத்தில் ஒட்டுப் போடுவது போல, தொல்லை கண்ட இடத்தில் ஒரு கருவி!

சவரக் கத்தி முதல் ரேடியோ வரை

1930-களில் ஐரோப்பாவுக்குப் போனார். ஜெர்மனியில் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். ஹிட்லரையும் சந்தித்தார். கையில் எப்போதும் காமிரா இருக்கும். 1936-ம் ஆண்டு லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார்.

‘ராசாந்த்’ என்ற பெயரில் ஒரு சவரக் கருவி செய்தார். சிறு மோட்டார் ஒன்று அதற்குள்ளே ஓடும். டார்ச் லைட்டில் போடுகிறோமே, அந்த பேட்டரியிலேயே ஓடும். மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் மின்சாரம் வேண்டாத விசிறி, ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். 1937-ம் ஆண்டில் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் உருவாக்கினார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார்களில் அது ஒன்று. இன்று கோவை என்றால் மோட்டாரும் பம்பு செட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. பெரம்பலூர்ச் சோளக் காட்டுக் கிணற்றிலும் கோவை மோட்டார்தான் தண்ணீர் இறைக்கிறது.

1941-ம் ஆண்டில் ஒரு செய்தியைச் சொல்லி எல்லாரையும் திகைக்கவைத்தார். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தம்மால் செய்ய முடியும் என்றார். பணக்காரர் வீட்டுக் கூடத்தில் மட்டும் ரேடியோ பாடிய காலம் அது!

எல்லாவற்றிலும் வெற்றி என்று நினைக்க வேண்டாம். சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். தோற்றுப்போனார்.

நாலு வருடம் எதற்கு?

1944-ம் ஆண்டில் பஸ் தொழிலின் பொறுப்பிலிருந்து விலகினார். சம்பாதித்தது போதும், இனிப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக் கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் ஆர்தர் ஹோப். அவர் பெயரில் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும், 1945-ம் ஆண்டில் ஒரு பொறியியல் கல்லூரியும் ஏற்பட்டன. அதற்கு நாயுடு உதவினார். கல்லூரியின் முதல் பிரின்சிபாலும் அவரே! ஆசிரியர் மீது மண் வீசியவர் என்று சொல்லப்பட்டவர் கல்லூரித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த நாற்காலியில் நிலைக்கவில்லை. என்ஜினீயரிங் படிப்புக்கு 4 ஆண்டுகள் எதற்கு என்று கேட்டார். இரண்டே ஆண்டில் கற்றுக் கொடுத்துவிடலாம் என்றார். ஏட்டுப் பாடத்தைக் குறைத்து, பட்டறை வேலையைக் கூட்ட வேண்டும் என்றார். சர்க்கார் ஏற்கவில்லை. ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

இதில் நாயுடு சொன்னது முழுக்கச் சரி என்று சொல்வதற்கில்லை. பாலம் கட்டுகிறவனுக்குக் கணக்கு வேண்டும். கை மட்டும் போதாது. ஆனால் எஞ்சினைத் தொடாமலே எஞ்சினைப் பற்றி 4 ஆண்டு படித்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளைப் பற்றி அவர் பட்ட கவலையை இன்றைக்கும் பல பெற்றோர் படுகிறார்கள்.

வந்தது கார்!

1952-ம் ஆண்டு. நாயுடுவுக்கு 59 வயது. பேரன் பேத்திகளோடு உட்கார்ந்து பழங்கதை பேசும் வயது. அப்போது அவர் ஒரு மோட்டார் கார் செய்தார்.

சின்னக் கார். இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோலில் ஓடும். விலை 2,000 ரூபாய்!

கம்பெனிக் கார்களுக்குப் பல ஆயிரம் கொடுக்க வேண்டிய நாளில் 2,000 ரூபாய்க்கு ஒரு கார். டாக்டரும் வக்கீலும் மில் முதலாளியும் மட்டுமே ஏறிப் போன காரில் வாத்தியாரும் கணக்குப்பிள்ளையும் ஏறிப் போகலாம் என்ற நிலை வந்துவிடும் போலிருந்தது.

ஒரு தனி மனிதன் தன் பட்டறையில் கார் கட்ட முடியுமா? முடியும். அமெரிக்காவில் அந்தச் சமயத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கதை சுவையானது.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-ம் ஆண்டில் ‘மாடல் டி’ என்ற காரைச் செய்தார். 1927-ம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடிக் கார்கள் விற்றன. நாளடைவில் அவை பழசாகி மூலைக்கு மூலை கிடந்தன. கலிபோர்னியா மாநிலத்து இளைஞர்கள் அந்தப் பழைய கார்களை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பிரித்தார்கள். மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். மேற்கூரையைக் கழற்றினார்கள். பளு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கை வைத்தார்கள். 1932-ம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் எஞ்சினை மலிவு விலைக் காரில் வைத்து விற்றது. பிறகு கேட்க வேண்டுமா? பழைய எஞ்சினை எடுத்துவிட்டு அந்த எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பூட்டினார்கள். தண்ணீர் வற்றிப்போன ஏரிகளின் கட்டாந்தரையில் கொண்டுபோய் விரட்டினார்கள். மணிக்கு 100 மைலுக்கு மேல் பறந்த வண்டிகளும் உண்டு! இரண்டு பேர் உட்காரும், கூரையில்லாத அந்த வண்டிகளை ‘ஹாட் ராட்’ என்றும் ‘ரோட்ஸ்டர்’ என்றும் அழைத்தார்கள். 1948-ம் ஆண்டில் அதற்கென்றே ஒரு பத்திரிகையும் வந்துவிட்டது.

காரின் ரகசியம் எடையில்தான் இருக்கிறது. ஒரு மூட்டை சுமக்கிறவனுக்கும் மூன்று மூட்டை சுமக்கிறவனுக்கும் நடையில் வித்தியாசம் இருக்கும் அல்லவா? எஞ்சினும் அப்படித்தான். வண்டி லேசாக இருந்தால் சிறிய எஞ்சினே போதும். எஞ்சின் சிறிதானால் விலை குறையும், பெட்ரோல் செலவும் குறையும். அமெரிக்க இளைஞர்கள் எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டினார்கள். சின்னஞ்சிறு காரைக் கட்டிய நாயுடு விலையைக் குறைத்தார். அங்கே அது விளையாட்டு. இங்கே அது ஏழை நாட்டுக்கு வேண்டிய காரியம்.

அந்த இளைஞர்கள் யாரிடமும் போய்க் கார் கட்டலாமா என்று கேட்கவில்லை. நாயுடு கேட்க வேண்டியிருந்தது.

லைசென்சு இல்லை!

சுதந்திரம் வந்து 5 ஆண்டு ஆகியிருந்தது. தொழில்களை ஒழுங்குபடுத்த 1951-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 1952-ம் ஆண்டில் அது அமலுக்கு வந்தது. சட்டத்தில் குறித்த பொருள்களை, மோட்டார் வண்டி உட்பட, பெரிய அளவில் உற்பத்தி செய்ய சர்க்காரின் லைசென்சு வேண்டும்.

நாயுடுவின் காருக்கு லைசென்சு கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது.

சர்க்கார் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாட்டில் இரும்பு குறைவு. வெளிநாட்டுச் செலாவணி குறைவு. அணை கட்ட வேண்டும், உருக்காலை கட்ட வேண்டும். இந்த நிலையில் ஆளுக்கொரு கார்த் தொழிற்சாலை எதற்கு என்று நினைத்தார்கள். கல்கத்தாவில் ஒன்று, பம்பாயில் ஒன்று, சென்னையில் ஒன்று என்று ஒரு சில கம்பெனிகள் போதும் என்பது அன்றைய கொள்கை. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்ற ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்ற மாபெரும் அமெரிக்கக் கம்பெனிகளே அந்த ஆண்டுகளில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன.

இன்னொன்றும் உண்டு. பட்டறையில் ஒரு கார் கட்டுவது வேறு. மாதம் 1,000 கார் கட்டுவது வேறு. ஒரே மாதிரி பாகங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். டயர், கண்ணாடி, பேட்டரி செய்கிற கம்பெனிகள் வேண்டும். ஊருக்கு ஊர் பழுது பார்க்க ஆள் வேண்டும். 2,000 ரூபாய் விலை கடைசி வரை நின்றிருக்குமா என்பது சந்தேகத்துக்கு உரியதுதான்.

ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கவே வழி இல்லாமல் போயிற்று. அதுதான் வேதனை! ஓடிப் பார்த்துத் தோற்ற குதிரைக்காக யாரும் அழுவதில்லை. லாயத்திலேயே கட்டிவைத்த குதிரை என்றால் மனம் கேட்பதில்லை.

சின்னக் கார் வேண்டும் என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. 1959-ம் ஆண்டில் சர்க்காரே அதை ஆராய ஒரு கமிட்டி போட்டது. பார்லிமெண்டில் ஆண்டுக்கு ஆண்டு கேள்வி எழுந்தது. கடைசியில் 1983-ம் ஆண்டு டிசம்பரில் மாருதி கார் வெளிவந்தது. சாதாரணக் குடும்பங்கள் கார் வாங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நாயுடுவின் கார் வந்து 31 ஆண்டுகள் ஓடிவிட்டன! ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று சொல்லி டாட்டா கம்பெனி நானோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2009-ம் ஆண்டில்.

இன்றைக்கு ஓர் இளைஞன் வீட்டில் கார் கட்டிவிடலாம். ஆனால் நினைத்தபடி அதை ரோட்டில் ஓட்டிவிட முடியாது. கம்பெனி கொடுத்த வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றவும் மோட்டார் வாகனச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. எதிரே வருகிறவர் உயிரும் உயிர் அல்லவா? என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் போட்டிகளுக்காகச் சிறு பந்தய வண்டிகள் கட்டுகிறார்கள். அவற்றைத் தனித் திடலில்தான் ஓட்டுகிறார்கள்.

உடைத்தார்!

நாயுடு கோபக்காரர். வரி, லைசென்சு, கட்டுப்பாடு என்று வழிமறித்தவற்றையெல்லாம் கண்டு மனம் கசந்தார். தாம் செய்த பொருள்கள் சிலவற்றை ஜனங்கள் முன்னிலையில் உடைத்து எதிர்ப்பைக் காட்டினார். பெற்ற பிள்ளையைக் கை நீட்டி அடிக்கும் தகப்பனுக்குக் கை வலிக்குமோ, மனம் வலிக்குமோ! இதைச் சரி என்று எல்லாரும் ஒப்பவில்லை. உடைத்த பொருளால் சர்க்காருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டவர்களும் உண்டு.

கோபம் தணிந்ததும் வேறு வேலையில் இறங்கிவிடுவார். இதுதான் அவருடைய பலம். பலவீனமும் அதுவே என்று சொல்லலாம். ஒன்றையே பிடித்துக்கொண்டு கடைசி வரை போராடும் குணம் அவரிடம் குறைவு. கார் நின்றதா? தோட்டத்துக்குப் போனார். பருத்தி, சோளம், பப்பாளி இவற்றில் ஆராய்ச்சி செய்தார். நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமனும், அணை கட்டிப் புகழ் பெற்ற விசுவேசுவரய்யாவும் அவருடைய தோட்டத்துக்கு வந்து பார்த்தார்கள். காலை 6 மணிக்கு அடித்தளம் போட்டு மாலை 5 மணிக்கு ஒரு கட்டடத்தைக் கட்டி முடித்துக் காட்டினார்.

1967-ம் ஆண்டில் கோவையில் ஒரு தொழிற்காட்சி நிலையம் அமைத்தார். இயந்திரங்களைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு பிள்ளைகள் திருப்தி அடையக் கூடாது, அவை வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். அவருடைய ஆசைக் கருவிகள் பல இன்றும் அங்கே இருக்கின்றன. 2015-ம் ஆண்டில் அவர் குடும்பத்தார் ஒரு கார்க் காட்சிசாலையும் திறந்தார்கள். விடுமுறையில் கோவைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகலாம்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி.நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அவர் தொடங்க உதவிய பொறியியல் கல்லூரி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் தடாகம் ரோட்டில் நடக்கிறது. அவினாசி ரோட்டில் உள்ள பஸ் நிறுத்தத்துக்கு மட்டும் ‘ஹோப் காலேஜ்’ என்ற பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கவர்னர் பெயர் அது. நாயுடுவின் பெயர் அங்கே வர நெடுநாள் ஆயிற்று. அந்த நிறுத்தத்தைத் தாண்டிச் செல்லும் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2025-ம் ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் என்று பெயர்.